திருப்பிப் போட்ட கே

2025 செப்டம்பரில் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் காலமான அன்று காலையிலிருந்தே என் போனுக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இரவு நேர பேஸ்பால் மைதானம். வானத்தில் மின்னல். இடுப்புக்கு மேலே சட்டையில் ரத்தம் கசிய ஒரு பேட்டர் நிற்கிறார். அவர் அடித்த பந்து மேலே மேலே போய் விளக்குக் கம்பத்தில் மோதுகிறது, விளக்குகள் வரிசையாக வெடிக்கின்றன, மைதானம் முழுக்கத் தீப்பொறி மழையாகக் கொட்ட, அதற்கு நடுவே அவர் அவசரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். 1984-ல் ரெட்ஃபோர்ட் நடித்து வந்த ‘தி நேச்சுரல்’ படத்தின் க்ளைமாக்ஸ். ஆபீஸ் குரூப்பில் ஒருவர் அனுப்பினார், என் மகன் விளையாடும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அணியின் பெற்றோர் குரூப்பில் இரண்டு பேர் அனுப்பினார்கள், கல்லூரி நண்பன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பினான். எல்லாவற்றுக்கும் கீழே கைகூப்பிய படம் போட்டேன். ஆனால் ஒன்றைக்கூடக் கடைசிவரை பார்க்க முடியவில்லை. பந்து மட்டையில் படுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஒரு காலத்தில் எத்தனையோ முறை பார்த்து ஒவ்வொரு முறையும் கண் கலங்கிய காட்சி அது. ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்துக்குப் பிறகு அதை முன்போல் பார்க்க வரவில்லை. இத்தனை நாளாக மனசுக்குள்ளேயே கிடந்து உருண்டுகொண்டிருக்கிறது, எழுதினால்தான் இறங்கும் என்று தோன்றியது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தது அமெரிக்கா வந்த புதிதில். நியூ ஜெர்சியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, நாலு பேருக்குமே கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. பந்தைத் தொடவே இல்லை, அப்புறம் எப்படி ஒருவன் அவுட் ஆகிறான் என்று படம் பூராவும் கேட்டுக்கொண்டே பார்த்தோம். ஆனால் விதி தெரியாதது கதைக்குக் குறுக்கே வரவே இல்லை. மின்னல் விழுந்து பிளந்த மரத்திலிருந்து ஒரு பையன் தன் கையால் பேட் செதுக்குகிறான், அதற்கு ‘வொண்டர்பாய்’ என்று பெயரும் வைக்கிறான். பெரிய ஆட்டக்காரனாக வரப்போகிற நேரத்தில் ஒரு பெண் அவனைச் சுட்டுவிடுகிறாள். பதினாறு வருஷம் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. பிறகு வயசு ஏறிப்போன ஒரு புது ஆளாக நியூயார்க் நைட்ஸ் என்ற தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு வந்து சேர்கிறான். காண்டீபத்தையும் அஞ்ஞாதவாசத்தையும் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? விளக்குகள் வெடித்தபோது நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்று கத்தினோம், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ராண்டி நியூமனின் அந்த இசை பிறகு ஒரு வருஷம் என் போனில் ரிங்டோனாக இருந்தது.

புத்தகம் கைக்கு வந்தது நாலைந்து வருஷம் கழித்து. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை ஒரு டாலருக்கு விற்பார்கள், அந்தக் குவியலில் கிடந்தது. 1952-ல் வெளிவந்தது, பெர்னார்ட் மாலமட் எழுதிய முதல் நாவல். அவர் புரூக்ளின்காரர். அந்தக் காலத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1941, 1947, 1949 என்று வேர்ல்டு சீரீஸ் என்ற இறுதிப் போட்டி வரை போய் ஒவ்வொரு முறையும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்’ என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு ரயிலில் உட்கார்ந்து படத்தை மறுபடி பார்க்கிற சந்தோஷத்தில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். கதாநாயகன் ராய் ஹாப்ஸ் வருகிறான், வொண்டர்பாய் வருகிறது, குண்டடி படுகிறான், எல்லாம் சரி. (அந்தக் குண்டடி உண்மையில் நடந்ததுதான். 1949 ஜூனில் சிகாகோவின் எட்ஜ்வாட்டர் பீச் ஹோட்டலில் எடி வைட்கஸ் என்ற ஆட்டக்காரரை 19 வயதுப் பெண் ஒருத்தி அறைக்கு வரவழைத்துச் சுட்டாள். அவர் பிழைத்து அடுத்த வருஷமே மைதானத்துக்குத் திரும்பினார்.) ஆனால் பாதி தாண்டியதும் ராய் நான் பார்த்த ராயாக இல்லை. சாப்பாட்டிலும் பெண்ணிலும் பேராசை பிடித்தவனாக, தன் சாதனைகளைத் தவிர வேறு நினைப்பில்லாதவனாக மாறிக்கொண்டே போகிறான். படத்தில் கடைசி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறான். ஆட்டத்தின் நடுவில் மனசு மாறுகிறது, ஜெயிக்க வேண்டும் என்று தவிக்கிறான், வொண்டர்பாய் இரண்டாக உடைகிறது. கடைசியாக வேறொரு பேட்டோடு போய் நிற்கிறான். எதிரே இருபது வயசுப் பையன் ஒருவன் பந்து வீசுகிறான்.

ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று தடவை கோட்டைவிட்டு அவுட். கதை முடிந்தது. விளக்கும் இல்லை, தீப்பொறியும் இல்லை. உடைந்த பேட்டை மைதானத்திலேயே குழி தோண்டிப் புதைக்கிறான். தெருவில் பேப்பர் விற்கும் பையன் ஒருவன் லஞ்சச் செய்தியைக் காட்டி, இது உண்மையில்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறான். ராயால் சொல்ல முடியவில்லை. முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு அழுகிறான்.

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிவிட்டேன். எனக்கு வந்தது கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முதலில் எழுதினவர்மேல் வந்தது, இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு இப்படியா கைவிடுவது என்று. இரண்டு நாள் கழித்து இயக்குநர் பேரி லெவின்சன்மேல் திரும்பியது, இவ்வளவு பெரிய பொய்யை எனக்குச் சொல்லி அழவைத்துவிட்டாரே என்று. பிறகு பல வருஷம் இதைப்பற்றி யார் கிடைத்தாலும் வாதம் செய்திருக்கிறேன், ஒரே ஆளிடம் இரண்டு கட்சியும் பேசியிருக்கிறேன். எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: காசு கொடுத்துப் பார்க்க வருகிறவன் தோல்வியை ஏற்கமாட்டான், சினிமாவுக்கு வேறு வழியில்லை.

பத்துக்கு ஆறு

அது உண்மையில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன், அதிலும் இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை. அமெரிக்காவில் பேஸ்பாலைப் பற்றி அதிகம் பேர் மனப்பாடமாகச் சொன்ன கவிதை ஒரு ஸ்ட்ரைக் அவுட்டில்தான் முடிகிறது. 1888 ஜூன் 3-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பத்திரிகையில் ‘ஃபின்’ என்ற புனைபெயரில் எர்னஸ்ட் தேயர் எழுதிய ‘கேசி அட் தி பேட்’. மட்வில் என்ற ஊரின் அணி இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறது, கடைசி இன்னிங், இரண்டு பேர் அவுட். நம்பிக்கையே இல்லாத இரண்டு பேர் எப்படியோ அடித்து பேஸுக்கு, அதாவது ஒரு ரன்னுக்காகச் சுற்றிவர வேண்டிய முனைகளுக்கு, போய்விடுகிறார்கள், கூட்டம் எதிர்பார்த்த கேசி வருகிறான். முதல் இரண்டு பந்தை இதெல்லாம் எனக்கு ஒரு பந்தா என்று விட்டுவிடுகிறான். மூன்றாவதற்குக் காற்றே அதிரும்படி சுற்றுகிறான். எங்கேயோ பாண்டு வாத்தியம் முழங்குகிறது, எங்கேயோ குழந்தைகள் கூச்சல் போட்டு விளையாடுகிறார்கள், மட்வில்லில் மட்டும் சந்தோஷம் இல்லை என்று முடியும். அதே வருஷம் ஆகஸ்டில் டிவுல்ஃப் ஹாப்பர் என்ற நடிகர் நியூயார்க் மேடையில் அதை நடித்துச் சொன்னார், பிறகு சாகும்வரை ஊர் ஊராகப் போய் அதையேதான் சொன்னார், பத்தாயிரம் தடவைக்கு மேல் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கேசி அவுட். கேட்டவர்களுக்கு அது தெரியும், தெரிந்தேதான் கேட்க வந்தார்கள். கேசி அன்றைக்கு அடித்திருந்தால் அந்தக் கவிதையை ஜூலையிலேயே மறந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும், எனக்கும் ஆனது. கிரிக்கெட்டில் அவுட் என்பது ஒரு மரணம் மாதிரி. ஒரு தப்பு, அன்றைக்கு அவர் கதை முடிந்தது, பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெவிலியன் வரை நடக்கும் அந்த நடையைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். பேஸ்பாலில் அவுட்டானவர் முக்கால் மணி நேரத்தில் திரும்ப வந்து நிற்பார். ஓர் ஆட்டத்துக்கு நாலு தடவை, ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடிக்கிறவர் நட்சத்திரம். டெட் வில்லியம்ஸ் 1941-ல் .406 அடித்தார், அதாவது பத்துக்கு நாலு தடவைக்குச் சற்று மேல், இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த வருஷத்திலும் அவர் கணக்கில் பத்துக்கு ஆறு தடவை அவுட்தான். தோல்வி இங்கே தினப்படி சமாசாரம், பல் தேய்ப்பது போல. அப்படிப்பட்ட ஆட்டத்தைப் பற்றி எழுத உட்காருகிறவன் கை தானாகவே ஸ்ட்ரைக் அவுட் பக்கம் போவதில் ஆச்சரியம் இல்லை.

சினிமாவிலும் அப்படித்தான். 1976-ல் வந்த ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’ படத்தில் அந்தப் பொடியன்கள் இறுதி ஆட்டத்தில் 7-6 என்று தோற்கிறார்கள், படம் பெரிய வெற்றி. 1992-ல் வந்த ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்தில் கதாநாயகி கையில் இருந்த பந்து கடைசி நிமிஷத்தில் நழுவி விழுகிறது, எதிரணியில் இருக்கும் அவள் தங்கை ஜெயிக்கிறாள். தங்கைக்காக வேண்டுமென்றே விட்டாளா, தானாக விழுந்ததா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். (தானாகத்தான் விழுந்தது என்பது என் கட்சி. மோதிய வேகத்தைப் பாருங்கள்.)

மூன்றடி உயரம்

இதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு பத்திரிகைக் கார்ட்டூன். 1962 அக்டோபர் 16, வேர்ல்டு சீரீஸின் ஏழாவது ஆட்டம். யாங்கீஸ் ஒரு ரன், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பூஜ்யம். கடைசி இன்னிங்கில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஒருவர், இரண்டாவதில் வில்லி மேஸ். ஒரே ஒரு அடி போதும், இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். வில்லி மெக்கோவி இடி மாதிரி அடித்தார். பந்து நேராகப் போய் யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சன் கையுறையில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில்தான் ‘பீநட்ஸ்’ கார்ட்டூன் தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் குடியிருந்தார், ஜயன்ட்ஸ் ரசிகர். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 அன்று வந்த கார்ட்டூனில் நாலு கட்டம். முதல் மூன்றில் சார்லி பிரவுனும் லைனஸும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சே இல்லை. நாலாவதில் சார்லி பிரவுன் வானத்தைப் பார்த்து அலறுகிறான், மெக்கோவி ஒரு மூன்றடி மேலே அடித்திருக்கக் கூடாதா என்று. அவ்வளவுதான் கார்ட்டூன். ஜனவரி கடைசியில் அதே மாதிரி இன்னொன்று, அதில் இரண்டடிக்கு இறங்கி வந்திருக்கிறான், இரண்டடியாவது மேலே அடித்திருக்கக் கூடாதா என்று கேட்கிறான்.

யோசித்துப் பாருங்கள், பேனா அவர் கையில் இருக்கிறது. தன் கார்ட்டூனில் மெக்கோவி அடித்த பந்தை ஆகாயத்துக்கே அனுப்பியிருக்கலாம், கேட்க யாருமில்லை. இரண்டு சின்னப் பையன்களை நடைபாதை விளிம்பில் உட்காரவைத்து மூன்று கட்டம் பேசாமல் விட்டார். அந்தச் சார்லி பிரவுனின் சொந்த அணியும் வருஷக்கணக்காகத் தோற்றது. 1950-ல் தொடங்கிய தொடரில் அவன் ஆட்டத்தை ஜெயித்துக்கொடுக்கும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தது 1993 மார்ச்சில்தான்.

சரி, இதற்கு எதிர்க்கட்சியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. 1988 அக்டோபர் 15. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கர்க் கிப்சனுக்கு இரண்டு காலிலும் அடி, அன்றைக்கு விளையாடவே போவதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடைசி இன்னிங், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்தங்கல், நொண்டிக்கொண்டே வந்தார். டெனிஸ் எக்கர்ஸ்லி வீசிய பந்தைக் கையின் பலத்தால் மட்டுமே தூக்கி வெளியே அனுப்பினார், முஷ்டியை மடக்கி ஆட்டிக்கொண்டே நொண்டி நொண்டி பேஸ்களைச் சுற்றி வந்தார். அந்த சீரீஸில் அவர் பேட் பிடித்தது அந்த ஒரு தடவைதான். ‘தி நேச்சுரல்’ படம் வந்து நாலே வருஷம். சினிமாவில்தான் இப்படி நடக்கும் என்று இனி யார் சொல்ல முடியும்? அதனால் படத்தின் முடிவு பொய் என்ற என் பழைய கோபம் நிற்காது. நடக்கக்கூடியதுதான், அரிதாக நடக்கிறது, நடந்தால் உலகமே எழுந்து நிற்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன என்று ஜூனில்தான் பிடிபட்டது.

பென்சில்

லிட்டில் லீக் 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது, இன்றைக்கு அமெரிக்காவில் எங்கே போனாலும் சனிக்கிழமை காலையில் ஒரு மைதானத்தில் நடந்துகொண்டிருக்கும். பெற்றோர்தான் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார். சீசன் ஆரம்பத்தில் கோச் என்னிடம் வந்து ஸ்கோர் எழுதத் தெரியுமா என்று கேட்டார். மதுரையில் கல்லூரி நாட்களில் கிளப் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் ஸ்கோர்புக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

பச்சை அட்டை போட்ட, சுருள்கம்பி வைத்த நீளமான நோட்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்குக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு நடுவே நகத்தளவு வைர வடிவம். பையன் முதல் பேஸுக்குப் போனால் வைரத்தின் ஒரு பக்கத்தைக் கோடிழுத்துக் காட்ட வேண்டும், முழுசாகச் சுற்றி வந்தால் உள்ளே நிரப்ப வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்டானால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. ஏன் கே என்று தேடிப்போனபோது எனக்கு நெருக்கமான ஓர் ஆள் கிடைத்தார். ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பால் அவர் கண்ணில் பட்டு அதில் மயங்கிப்போய், கிரிக்கெட் ஸ்கோர்கார்டை மனதில் வைத்து இந்த ஆட்டத்துக்கும் கணக்கெழுதும் முறையை உண்டாக்கினார். ‘ஸ்ட்ரக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துதான் அந்தக் கே. கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பாலுக்கு எனக்கு முன்னாலேயே ஒருவர் நோட்டும் பென்சிலுமாகப் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பச்சை நோட்டின்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட்டைச் சுற்றித் தவறவிட்டு அவுட்டானால் சாதாரண கே. பந்து சரியான இடத்தில் வந்தும் சுற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று, அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் என்று சொன்னால், அந்தக் கே-யைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். ஏட்டில் இரண்டும் ஒரே அவுட்தான். மைதானத்தில் அப்படி இல்லை. சுற்றினவனை ‘பரவாயில்லடா, நல்ல ஸ்விங்’ என்று தட்டிக்கொடுப்பார்கள். நின்றவனிடம் யாரும் அதைச் சொல்ல முடியாது.

ஜூன் மாதம், சீசனின் கடைசி ஆட்டம். என் மகனுக்குப் பத்து வயசு. லிட்டில் லீக்கில் ஆறு இன்னிங்தான், ஆறாவதில் எங்கள் அணி ஒரு ரன் பின்தங்கி, இரண்டு பேர் அவுட், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆள் இருக்க, இவன் முறை வந்தது. முந்தின வாரம்தான் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ‘தி நேச்சுரல்’ பார்த்திருந்தோம். அவனுக்குப் பிடித்துப்போய் க்ளைமாக்ஸை மறுபடி போடச் சொன்னான். மறுநாள் பழைய பேட்டின் கைப்பிடிக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு மின்னல் வரைந்திருந்தான். அந்த பேட்டோடுதான் போய் நின்றான். ஹெல்மெட் கொஞ்சம் பெரிசு, தலையை ஆட்டினால் தனியாக ஆடும். ஒரு பந்தை ஃபவுல் அடித்தான். ஒன்றைச் சுற்றித் தவறவிட்டான். இரண்டு வெளியே போயின. அடுத்தது நடுவில் வந்தது, எனக்கே தெரிந்தது நடுவில்தான் வருகிறது என்று. அவன் தோள் இறுகியது, முட்டி மடங்கியது, பேட் மட்டும் தோளைவிட்டு வரவில்லை. அம்பயர் வலது கையை நீட்டிச் சத்தம் போட்டார். எதிரணிப் பையன்கள் கையுறைகளை மேலே வீசிக்கொண்டு ஓடிவந்தார்கள். இவன் அதே இடத்தில், அதே மாதிரி, பந்து இன்னும் வரப்போகிறது போல நின்றுகொண்டிருந்தான்.

என் மடியில் நோட்டு. அவன் வரிசை, ஆறாவது கட்டம். பென்சில் முனை தாளில் பட்டது, நகரவில்லை. பிறகு எழுதினேன். சாதாரண கே.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் தெரியாமல் செய்ததும் இல்லை. அவன் சுற்றினான், தவறவிட்டான், அவ்வளவுதான் என்று அந்த நோட்டில் இருந்துவிடட்டும் என்று தோன்றியது. தோல்வியை நான் மறைக்கவில்லை, தோற்றான் என்றுதான் எழுதினேன். பயந்தான் என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிமிஷத்தில்தான் படத்தில் எது என்னை உறுத்தியது என்று விளங்கியது. ஹோம் ரன் அல்ல. ராய் பணத்துக்கு ஒப்புக்கொண்டதை எடுத்துவிட்டார்களே, அதுதான். அவன் தப்பே செய்யாதவன் ஆகிவிட்டான், அதன்பிறகு விளக்குகள் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாலமட் அவன் தப்பையும் எழுதி, கடைசி நேரத்தில் அவன் மனம் திரும்பி ஆசைப்பட்டதையும் எழுதி, அது போதாமல் போனதையும் எழுதினார். முதல் பக்கங்களில் ரயில் நின்ற ஊர்த் திருவிழாவில் பத்தொன்பது வயசு ராய் ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரரை மூன்றே பந்தில் அவுட்டாக்குவான். கடைசியில் ஓர் இருபது வயசுப் பையன் ராயை அவுட்டாக்குகிறான். முதல் காட்சியைப் படத்தில் அழகாக எடுத்திருக்கிறார்கள், அதன் மறுபாதியைத்தான் விட்டுவிட்டார்கள்.

பேப்பர்க்காரப் பையன் கெஞ்சுவது எங்கிருந்து வந்தது என்று பேஸ்பால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1919 வேர்ல்டு சீரீஸில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் பணம் வாங்கித் தோற்றார்கள் என்று வழக்கு. 1921-ல் நீதிமன்றம் விடுவித்தது, மறுநாளே பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்த கமிஷனர் லேண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். அதில் ஒருவர் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன். நீதிமன்ற வாசலில் ஒரு பையன் அவரிடம் இது பொய் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினான் என்பது கதை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். 1951-ல் இறந்தார். 1989-ல் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படம் அவரை ஐயோவா மாநிலத்துச் சோளக்காட்டிலிருந்து திரும்ப நடந்துவரச் செய்தது. 2025 மே மாதத்தில், அவர் இறந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, தடையை நீக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். ஜூனுக்குப் பிறகு, சந்தோஷம் அவருக்காகவா, இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்ததற்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த சீரீஸில் அவர் அடித்தது .375. பணம் வாங்கினார் என்பதும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஏட்டில்தான் இருக்கின்றன.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கி, கோச் பேசி, ஆரஞ்சுத் துண்டுகளும் ஜூஸும் கொடுத்த பிறகு அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல நோட்டை இழுத்துத் தன் வரிசையைப் பார்த்தான், அது ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அவன் செய்வது. விரல் ஆறாவது கட்டத்தில் நின்றது.

“அப்பா, இது ராங். நான் ஸ்விங் பண்ணவே இல்லையே.”

என்ன சொல்ல என்று தெரியாமல், கவனிக்கவில்லை கண்ணா என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவனுக்குத் தெரியும். கையை நீட்டிப் பென்சிலை வாங்கி, பின்பக்க ரப்பரால் அழித்தான், தாள் கிழிந்துவிடுமோ என்று மெதுவாக. திருப்பிப் போட்ட கே எழுதுவது அவ்வளவு சுலபமில்லை, கை தானாகச் சரியான பக்கத்துக்கே போகும். முதலில் நேர்கோடு, பிறகு இடது பக்கம் இரண்டு சாய்கோடு. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு மிச்சமிருந்த ஆரஞ்சுத் துண்டை எடுத்துக்கொண்டு பையன்களோடு ஓடிப்போனான். அழித்த இடத்தில் என் கே-யின் தடம் லேசாக இன்னும் தெரிகிறது.

ரெட்ஃபோர்ட் இறந்த அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவன், அந்தப் படத்துத் தாத்தா செத்துப்போயிட்டாராமே என்று கேட்டான். மறுபடி பார்க்கலாமா என்றான். பார்க்கலாம், ஆனால் ஒரு விஷயம் உன்னிடம் சொன்னதில்லை, புத்தகத்தில் அவர் அடிக்கமாட்டார் என்றேன். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அவுட்டா? அவுட். ஸ்ட்ரைக் அவுட்டா? ஆமாம். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“எந்த கே?”

படித்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று அலமாரியில் புத்தகத்தைத் தேடினேன். அவன் பென்சிலைத் தேடப் போனான்.